முனாப் காக்காவின் தங்கூசி

எஞ்சினை முடுக்கியதும் முனாப் காக்கா நேரே சுக்கானுக்குப் போகமாட்டார். முழ நீளத்தில் ஒரு திருப்புளி வைத்திருக்கிறார். அதன் இரும்பு நுனியை முதலாவது சிலிண்டரின் தலையில் ஊன்றி, மரப்பிடியை வலது காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. அதற்குள் எண்பது பேர் ஏறிக் குந்தியிருப்பார்கள். தயிர்ச்சட்டிகள், சைக்கிள்கள், கோழிக்கூடைகள், கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்கு வந்து வேலை முடியாமல் திரும்புகிற கமக்காரர்கள். எவர் அவசரப்படுத்தினாலும் மூன்று சிலிண்டரும் தங்கள் கதையைச் சொல்லி முடிக்கும்வரை லோஞ்ச் படகு நகராது.

"மூண்டும் ஒரு வாப்பாட புள்ளையள், மாஸ்டர். ஒண்டு கோவிச்சிக்கிட்டா மத்த ரெண்டும் சேந்து சொமக்கும். சொமக்கிறது வெளிய தெரியா. காதக் குடுத்தாத்தான் தெரியும்" என்பார்.

திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் 'றஹ்மத்' என்ற லோஞ்சின் சாரதி அவர். ஊருக்கு 'றைவர் காக்கா'. வயது அறுபத்து நான்கு என்பது அவர் சொல்வது. மனைவி ஜெஸீமா இரண்டு வயது கூட்டிச் சொல்கிறார். குட்டையான, அகலமான ஆள். தலையில் எண்ணெய் ஏறிப் பழுப்பாகிப்போன வெள்ளைத் தொப்பி. சாரத்துக்கு மேல் நாலு விரல் அகலப் பச்சை வார். அந்த வாரின் பைகளில் பாக்குவெட்டி, ஒரு சிறிய ஸ்பனர், நனைந்து காய்ந்த துஆ எழுதிய ஒரு பிரார்த்தனைக் கடதாசி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரனின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் கரி துடைக்கும் வேலைக்குப் போனவர் அங்கேயே எஞ்சின் படித்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரன் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு போய்விட்டான். 'ஓல்ரைற்' என்ற ஒரு சொல்லை மட்டும் இவரிடம் விட்டுப் போயிருக்கிறான்.

எஞ்சின்களில் அவருக்குச் சாதி வித்தியாசம் உண்டு. டீசல்தான் எஞ்சின். பெற்றோல் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்.

"அது நெருப்புப் பொறிய நம்பி ஓடுற சாமான். பொறி வந்தா ஓடும், வராட்டி நிக்கும். அத நம்பிக் கடலுக்குப் போகலாமா? டீசல் மனிசன் மாதிரி. காத்தும் சாப்பாடும் ஒழுங்கா இருந்தாப் போதும்."

நான் மூதூரில் படிப்பிக்கிறவன். திங்கட்கிழமை காலை போய் வெள்ளி பின்னேரம் திருகோணமலைப் பட்டினத்துக்குத் திரும்புகிறவன். எனக்கு நீந்தத் தெரியாது. துறைமுகத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் இதைச் சொல்ல வெட்கப்படவேண்டும். நான் வெட்கப்பட்டு முடித்து வெகுநாளாகிறது. அதனால் லோஞ்சில் சாரதிக்குப் பக்கத்து வாங்கில்தான் உட்காருவேன். ஏதும் நடந்தால் முதலில் அவருக்குத் தெரியும், அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியும் என்ற ஏற்பாடு. ஆறு வருஷமாக இப்படி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடாவைக் கடக்கிறேன்.

பட்டினத்து இறங்குதுறையில் பதினொரு கற்படிகள் இருக்கின்றன. போன வருஷக் கடைசியிலிருந்து அவர் ஆறாவது படியில் நிற்கத் தொடங்கினார். இடுப்பில் கையை ஊன்றித் திரும்பி, கட்டிக்கிடக்கும் லோஞ்சை மேலும் கீழும் பார்ப்பார். நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போவோம். "என்ன காக்கா, கலியாணம் முடிச்ச புதுசில மனிசியைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்" என்று ஒருநாள் பகிடி விட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல அவருக்கு மூச்சு இருக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. லோஞ்சின் மேல் இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வைகாசியில், சோளகக் காற்றுப் பிடித்த நாட்களில் ஒரு காலை. அவருடைய இடது கை சுக்கானில் இருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் அந்த இடது மணிக்கட்டில் இருந்தன. உதடு அசைந்தது. திக்ர் ஓதுகிறார் என்று நினைத்து மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்தேன். ஆனால் எங்கோ தவறிவிட்டு "ஒண்டு, ரெண்டு" என்று மீண்டும் தொடங்கியது காதில் விழுந்தது.

"என்ன காக்கா எண்ணுறியள்?"

"எஞ்சின்" என்றார்.

எஞ்சின் எங்களுக்குப் பின்னால், பெட்டிக்குள் இருந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் பின்பக்கம் ஒருமுறை திரும்பி, கயிறு போடும் இராசையா தூரத்தில் இருக்கிறாரா என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"உங்கட கையத் தாங்க, மாஸ்டர்."

என் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஓல்ரைற். ஒரே சீரா ஓடுது" என்றார். பிறகு என் விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்தார்.

நாலைந்து அடி ஒழுங்காக வந்தது. பிறகு ஒன்றைக் காணவில்லை. காத்திருந்தேன். அது வரவேண்டிய இடம் தாண்டிய பிறகு மூன்று சேர்ந்தாற்போல் ஓடிவந்தன. நடுவில் வந்தது விரலில் பட்டும் படாமலும் போனது. பிறகு ஓர் இடைவெளி. பிறகு இரண்டு. பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலால் முண்டியடித்து வரும் பிள்ளைகளைப் போல் எந்த வரிசைக்கும் அடங்காமல் அது வந்துகொண்டிருந்தது.

"மிஸ்ஸாகுது, என்ன?" என்றார். "வள்ளத்துக்குள்ள போட்ட மீன் மாதிரி நெஞ்சுக்குள்ள துடிக்கிது, மாஸ்டர். பொறகு நிக்கிது. துடிக்கிறது பறவால்ல. நிக்கிற நேரம் இரிக்கே, அதுதான் பயம். அடுத்த அடி வருமா வராதாண்டு பாத்துக்கிட்டு நிக்கணும்."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"மெசின ஒருக்காக் கராச்சில போட்டா அக்கக்காக் கழட்டித்தான் வைப்பானுகள். அதோட, நோயெண்டு பேர் வந்தா மொதலாளி சுக்கான் தரமாட்டார். இது நோயில்ல. எயர்."

இந்த இடத்தில் அவருடைய சாஸ்திரத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். டீசல் போகும் குழாயில் ஒரு குமிழ் காற்றுப் புகுந்தால் போதும், எஞ்சின் விக்கும், அடி தவறும். முனாப் காக்கா ஸ்பனரால் ஒரு நட்டை இளக்கி, கையால் பம்ப் அடித்து, நுரை போய்ச் சுத்தமான எண்ணெய் வரும்வரை வெளியே விடுவார். மூன்று நிமிஷ வேலை. இது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். ஊரிலோ, தொப்புளுக்கும் தொண்டைக்கும் இடையில் எது நொந்தாலும் காற்று என்றுதான் சொல்வார்கள். எஞ்சினும் ஊர் வைத்தியம் பார்க்கும் பரிகாரியும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்? எயர் பிடித்திருக்கிறது, வெளியே எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் உள்ளிப் பூண்டைப் பாலில் அவித்துக் குடித்தார். பிறகு பெருங்காயம். இரண்டுக்கும் அடங்கவில்லை என்று பேதிக்குப் போனார். நிலாவாரைக் கஷாயம், அதற்குமேல் ஆமணக்கெண்ணெய். மாதம் ஒருமுறை என்று தொடங்கியது கிழமைக்கு ஒருமுறை ஆனது, பிறகு இரண்டு. பேதி குடித்த மறுநாள் கால் தளரும், நெஞ்சு முன்னையைவிடக் கூடுதலாகத் துடிக்கும். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: "உள்ளுக்குக் கிடக்கிறது எழும்பி வருது. இன்னும் எடுக்கணும்."

மூதூரில் நான் தங்கும் அறை அவர் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி. ஜெஸீமா ராத்தா பன்பாய் இழைத்தபடி ஒருநாள் வேலியடியில் என்னிடம் சொன்னார்:

"இவர் எனக்கு ஒண்டும் சொல்ற இல்ல, மாஸ்டர். மத்தியானம் படுத்திருக்கக்குள்ள முதுகில காத வெச்சன். முந்தி ஒராள் நெல்லுக் குத்துற மாதிரி அமைதியாக் கேக்கும். இப்ப ரெண்டு பேர் குத்தி, உலக்கையோட உலக்க மோதுற மாதிரி இரிக்கி. நான் கேட்டன் எண்டு சொல்லிராதீங்க. பயந்திருவார்."

அவர் இவருக்கு மறைத்தார், இவர் அவருக்கு மறைத்தார். பின்னேரத்தில் லோஞ்ச் வரும் நேரம் ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூதூர்த் துறைப் பக்கம் வந்து, பூவரச மரத்தடியில் நின்று கடலைப் பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். லோஞ்ச் நேராக வருகிறதா என்றுதான் பார்ப்பார். நேராக வருகிறது என்று தெரிந்ததும், அது கரையைத் தொடும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்.

நேராக வருகிறதா என்பதில் என்ன இருக்கிறது என்று முனாப் காக்காவிடம்தான் அறிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சுக்கானைப் பிடித்தவர் அலியார் என்பவர். முனாப் அப்போது கயிறு போடுகிறவர்.

"நடுக்குடா, மாஸ்டர். லோஞ்ச் இடப்பக்கம் திரும்பிச்சி. ஒரு வட்டம் போட்டிச்சி. சனம் சிரிச்சிச்சி, அலியார் காக்கா பகிடி வுடுறார் எண்டு. ரெண்டாவது வட்டத்தில சிரிப்பு நிண்டிச்சி. மூணாவதில நான் முன்னுக்கு ஓடினன். சுக்கானில சாஞ்சி கிடந்தார். சுக்கான வுடல்ல. விரல் விரலாப் பிரிச்சித்தான் எடுத்தனான். கை சூடு ஆறல்ல." பிறகு, "அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்திச்சி. வாடைக் காலமா இருந்திருந்தா?" என்றார்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு வாங்கில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கிழமை தரைவழியாகப் போய்ப்பார்த்தேன். அதில் நாலைந்து தோணித்துறை தாண்டவேண்டும். ஒரு பெரிய பயத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிற பாதை அது. திரும்பவும் லோஞ்சுக்கே வந்தேன். இப்போது எனக்கும் ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. பாடம் நடத்தும்போதுகூட என் விரல்கள் என் மணிக்கட்டைத் தேடின. பயம் தொற்றுநோய் என்று யாராவது சொன்னால் நான் சாட்சி சொல்வேன்.

ஆவணி மாதத்து வெள்ளி. ஜும்ஆத் தொழுகை முடிந்து மூதூரிலிருந்து புறப்பட்டோம். நல்ல வெயில். முந்திய நாள் அவர் இரண்டுமுறை பேதி குடித்திருந்தார் என்று ராத்தா சொல்லியிருந்தார். பாதி வழியில், கோணேசர் மலை தெளிவாகத் தெரியத் தொடங்கும் இடத்தில், எஞ்சின் நின்றது.

அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது நின்றால் செவிடானது போலிருக்கும். பலகையில் தண்ணீர் அடிப்பது மட்டும் கேட்டது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நான் வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் இல்லை. முழங்காலில் சரிந்து, சுக்கான் சக்கரத்தின் கம்பியில் நெற்றி பட, தொப்பி கழன்று விழ, கிடந்தார்.

அப்போதுதான் அதைக் கண்டேன். அவருடைய பச்சை வாரிலிருந்து மெல்லிய கோடொன்று வெயிலில் பளபளத்தபடி பின்னால் போனது. தங்கூசி. மீனவர்கள் தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழை. தரைப்பலகையில் அடித்திருந்த ஒரு வளையத்துக்குள்ளால் ஓடி, எஞ்சின் பெட்டிக்குள் நுழைந்து, எஞ்சினை நிறுத்தும் பிடியில் அது கட்டப்பட்டிருந்தது. இறுகி நின்றது. அவர் விழுந்தால் எஞ்சினும் நிற்கவேண்டும் என்று தன்னை எஞ்சினோடு கட்டிக்கொண்டு எத்தனை நாளாகக் கடலைக் கடந்திருக்கிறார் இந்த மனிதர்! அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கும். அவர் அசைந்தார். முகம் சாம்பல் நிறம். கழுத்தெல்லாம் வியர்வை. கண்ணைத் திறக்கும் முன்பே கை வாருக்குப் போய்த் தங்கூசியை இளக்கியது. பிறகு பின்பக்கம் திரும்பி, எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "ஒண்டுமில்ல! எயர் பிடிச்சிட்டு!" என்று சத்தமிட்டார்.

சனங்கள் ஆறுதலடைந்தார்கள். எயர் பிடிப்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி. முனாப் காக்கா கூரைக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து எஞ்சினடிக்குப் போனார். ஸ்பனரை எடுத்தார். எந்தக் கோளாறும் இல்லாத குழாயின் நட்டை இளக்கினார். நட்டு இரண்டுமுறை கை நழுவிக் கீழே விழுந்தது. இராசையா பக்கத்தில் குந்தி அதை எடுத்துக் கொடுத்தார். பம்ப் அடித்தார்கள். எஞ்சின் முதல் முடுக்கிலேயே பிடித்துக்கொண்டது.

இராசையா சல்லிக் கிராமத்தில் பிறந்தவர். இருபது வருஷமாக இந்த லோஞ்சில் கயிறு போடுகிறார். அதிகம் கதைக்காத ஆள். துறையில் கயிற்றை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மாஸ்டர், காத்துப் பிடிச்சா எஞ்சின் விக்கி விக்கித்தான் நிக்கும். இது கழுத்தை நெரிச்ச மாதிரி டக்கெண்டு நிண்டது. அவர் எனக்குச் சொல்லேல்லை. சொல்லாத மனிசனிட்ட நான் எப்பிடிக் கேக்கிறது?"

ஆறாவது படியில் முனாப் காக்காவைப் பிடித்தேன். லோஞ்சைத் திரும்பிப் பார்க்கும் பாவனையில் நின்றிருந்தார்.

"எப்ப கட்டினது?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "நோன்பு முடிஞ்ச கையோட" என்றார். "நான் போனா எஞ்சினும் நிக்கணும், மாஸ்டர். வட்டம் போடக் கூடாது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எண்பது பேருக்காக இவ்வளவு யோசித்தவர், தனக்காக ஒரு டாக்டரிடம் கையை நீட்டப் பயப்படுகிறாரே! சனங்கள் பார்க்கப் பார்க்கச் சத்தம் போட்டேன். "இப்பவே வாங்கோ. இல்லாட்டி முதலாளியிட்ட நானே போய்ச் சொல்லுவன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் போல் ஒரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை. மிச்சம் ஐந்து படியையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இராஜநாயகம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தாதியை மணிக்கட்டில் எண்ணச் சொல்லி, தான் குழலை நெஞ்சில் வைத்து அதே நிமிஷத்தை எண்ணினார்.

"நெஞ்சில நூற்றிமுப்பது. கையில தொண்ணூற்றாறு. மிச்சம் எங்க போச்சுது, காக்கா?"

முனாப் காக்காவின் முகம் சட்டென்று மாறியது. அது அவருக்குத் தெரிந்த விதமான கேள்வி. "வெடிக்கிது, ஆனா தள்ளுது இல்ல" என்றார்.

"அதேதான்" என்று டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு நெஞ்சில் கம்பி ஒட்டி ஒரு நீளக் கடதாசி எடுத்தார்கள். அதில் கோடுகள் நெருங்கியும் விலகியும் மலையும் பள்ளமுமாகப் போயின. "இதயத்தின்ர மேலறை ரெண்டும் ஒழுங்காச் சுருங்கேல்லை, நடுங்கிக்கொண்டு நிக்குது. அது தாறுமாறா அனுப்புற கட்டளைக்குக் கீழறை தாறுமாறா அடிக்குது. அரைவாசி நிரம்ப முந்தி அடிச்சா வெறும் அடிதானே? அதுதான் கைக்கு வந்து சேரேல்லை. படியேற மூச்சு வாங்கிறது, களைப்பு, தலை சுத்து எல்லாம் அதாலதான்."

"எயர் இல்லையா, டொக்டர்?"

"காத்து இல்லை, காக்கா. இது கரண்ட். இதயத்துக்கு அடி எடுத்துக் குடுக்கிறது ஒரு சின்னக் கரண்ட். வயசு போகப் போக அந்த லைன் பழுதாகலாம்."

முனாப் காக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப மனிசன் பெற்றோல் எஞ்சினா?"

நான் சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். பொறியை நம்பி ஓடும் சாமானை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தவர், தன் நெஞ்சுக்குள்ளேயே அப்படியொன்று ஓடுகிறது என்று கேட்டுப் படுத்திருந்தார்.

பேதிக் கதையை நான்தான் சொன்னேன். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேதியோட தண்ணியும் போகும், உப்புச் சத்தும் போகும். அந்த உப்பிலதான் கரண்டே ஓடுது. எயர் எடுக்கிறன் எண்டு நீங்கள் பற்றறித் தண்ணியைத் திறந்து விட்டிருக்கிறியள். நேற்றுக் குடிச்சதுக்கு இண்டைக்கு விழுந்தது அதிசயமில்லை."

பயமுறுத்த வேண்டிய இடத்தில் அவர் ஒளிக்காமல் பயமுறுத்தினார். ஓடாமல் நிற்கும் இரத்தம், டீசல் தாங்கிக்கு அடியில் மண்டி படிவது போல், மேலறையில் கட்டிபடும் என்றார். அதில் ஒரு துண்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம். "கனபேர் வயசு போனா இப்பிடித்தான் எண்டு விட்டிடுவினம். சிலருக்கு ஒண்டுமே தெரியாது. தெரியவாற அண்டைக்கு வாய் கோணிப் போயிருக்கும். வாய் ஒரு பக்கம் இழுத்தா, ஒரு கை சோர்ந்து விழுந்தா, பேச்சுக் குழறினா, நெஞ்சு நொந்தா, இப்பிடித் திரும்ப மயங்கினா, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு வரவேணும். விடியட்டும் எண்டு பாக்கக் கூடாது."

ஒன்பது நாள் வார்டில் வைத்திருந்தார்கள். சாரதிக்குக் காய்ச்சல் என்று துறையில் சொல்லி, 'றஹ்மத்' கட்டிக்கிடந்தது. ஜெஸீமா ராத்தா வந்து கட்டிலடியில் பாய் விரித்து இருந்துகொண்டார். வெளியே விடும்போது டாக்டர் சின்னக் குளிசைகள் கொடுத்து, குளிசை போடுமுன் நாடி பார்க்கச் சொன்னார். "கால் நிமிசம் பிடிச்சு நாலால பெருக்காதீங்கோ. உங்கட நாடிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. மணிக்கூட்டைப் பாத்து முழு நிமிசம் பிடியுங்கோ. அறுபதுக்குக் கீழ எண்டா குளிசையைப் போடாமல் இஞ்ச வாங்கோ." கடைசியாகச் சொன்னார்: "அடுத்த கிளினிக் வரைக்கும் சுக்கான் தொடக் கூடாது. லோஞ்சில போங்கோ, சனத்தோட சனமா."

"ஆக்களுக்குச் சொல்லத்தான் வேணுமா?"

"சொல்லத்தான் வேணும்."

முனாப் காக்கா வாசலில் நின்று, "பாரிசவாதம் வந்தாலும் பறவால்ல போல இரிக்கி, மாஸ்டர். இதச் சொல்ற வாய்க்கு" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. பதினொரு படியையும் மெதுவாக இறங்கி லோஞ்சுக்கு வந்தார். ராத்தா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு தலையை நிமிர்த்தவே இல்லை. முனாப் காக்கா திருப்புளியை எடுத்தார். மூன்று சிலிண்டரும் கேட்டார். சுக்கானுக்கு வந்தார். குனிந்து, தங்கூசியின் நுனியைத் தேடி எடுத்து, வழக்கம்போல் பச்சை வாரில் கட்டினார்.

சொல்லப்போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தேன். அதற்குள் இராசையா முன்கயிற்றை அவிழ்த்து உள்ளே குதித்துவிட்டார். லோஞ்ச் துறையை விட்டு ஆறடி தூரம் விலகியது.

"இராசையா, இஞ்ச வா" என்றார் முனாப் காக்கா. என் பக்கம் கையை நீட்டி, "மணிக்கூட்டத் தாங்க, மாஸ்டர்" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். அவர் இராசையாவின் மணிக்கட்டைப் பிடித்து, செக்கன் முள்ளில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். லோஞ்ச் துறையடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ, "என்ன காக்கா, ஆஸ்பத்திரியில பரிகாரம் படிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்கச் சிரிப்பு எழும்பியது. அவர் தலை நிமிரவில்லை. இராசையாவும் சிரிக்கவில்லை. முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"ஓல்ரைற்" என்று மணிக்கூட்டை என்னிடம் தந்தார்.

"எனக்கு நெஞ்சு ஏலா, இராசையா. சுக்கான நீ பிடி" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு தன் வாரிலிருந்த முடிச்சை அவிழ்த்து, குனிந்து, அந்தத் தங்கூசியை இராசையாவின் இடுப்பில் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.